நடுவில் ஒடுங்கிய போர்வை

எலிக்காய்ச்சல் வர எலி கடிக்கத் தேவையில்லை. எலி சிறுநீர் கழித்த தண்ணீரில், காலில் ஒரு சிராய்ப்போடு கொஞ்ச நேரம் நின்றால் போதும். எங்கள் பக்கத்தில் இது வயலில் இறங்குபவர்களுக்கும் மாணிக்கக் குழியில் இறங்குபவர்களுக்கும் வருகிற நோய் என்று எல்லோருக்கும் தெரியும். ஓய்வுபெற்ற அரச அலுவலர்களுக்கும் வரலாம் என்று யாரும் எனக்கு எழுத்தில் அறிவித்திருக்கவில்லை.

மழை வெள்ளம் வடிந்த மறுநாள், வீட்டுக்குப் பின்னால் கழிவுநீர்க் கான் அடைத்திருந்தது. அதைத் துப்புரவாக்க யாருக்கு எழுத வேண்டும், பிரதி யாருக்கு என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் வாழ்நாளில் முதல் தடவையாக நடைமுறையைப் பின்பற்றாமல், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானே இறங்கினேன். பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. கெண்டைக்கால் இரண்டும் அடித்துப்போட்டது போல் வலித்தன. கண்கள் சிவந்தன.

"விடிய விடிய அந்தப் போர்வையைப் பின்னினால் கண் சிவக்காமல் என்ன செய்யும்?" என்றார் கணவர். "ஊசியைக் கொஞ்சம் கீழை வையும்."

அவர் சொன்ன போர்வையைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பென்சன் எடுத்த பிறகு நான் குரோஷே பின்னத் தொடங்கியிருந்தேன். வீட்டில் மிஞ்சிக் கிடந்த நூலெல்லாம் சேர்த்து, வரிவரியாக, ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிறமும் ஒரு பின்னலுமாக ஒரு போர்வை. சிவப்பு வரியில் குட்டைக் கண்ணி. அது இறுகி நிற்கும். அடுத்த நீலத்தில் நெட்டைக் கண்ணி. அது காற்று விடும். அதற்கடுத்த மஞ்சளில் ஒரே துளைக்குள் ஐந்து நெட்டைக் கண்ணி போட்டால் விசிறி போல விரியும். உயரம் வரிக்கு வரி மாறலாம். எண்ணிக்கை மாறக் கூடாது. என்னுடையது தொண்ணூறு கண்ணி. ஒரு வரிசை முடிந்து திரும்பும்போது ஊசியை உயர்த்துவதற்காகச் சிறு சங்கிலி ஒன்று போடுவோம். அந்தச் சங்கிலியையும் ஒரு கண்ணியாக எண்ணி, அடுத்த வரிசையின் கடைசிக் கண்ணியை அதன் தலையில் போட வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் அதை விட்டுவிடுவார்கள். வரிசைக்கு ஒன்று குறையும். உடனே தெரியாது; பத்து வரிசை போன பிறகு போர்வை ஒடுங்கியிருக்கும்.

நகரத்து ஆஸ்பத்திரியில் வெளிநோயாளர் பகுதியில் வரிசையில் நின்றேன். முப்பது வருடம் வரிசையின் மறுபக்கத்தில் இருந்தவள். வரிசையில் நிற்பவர்களுக்கு முகம் இருக்கிறது என்று அன்றுதான் கவனித்தேன். இரத்தம் எடுத்தார்கள். மாலைக்குள் என்னை ஒரு கட்டிலில் போட்டு, கையில் ஊசி ஏற்றி, பெனிசிலின் தொடங்கிவிட்டார்கள். கிரியேட்டினின் ஏறியிருக்கிறது என்றார் இளம் வைத்தியர். கிரியேட்டினின் என்பது உடம்பின் தசைகள் நாள்தோறும் வெளியே தள்ளும் கழிவு. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்தால் அது இரத்தத்தில் தேங்காது. என்னுடையது வேலை நிறுத்தத்தில் இறங்கியிருந்தது. தாதி ஒரு பிளாஸ்டிக் குவளையைத் தந்து, வருவதையெல்லாம் அளந்து எழுதச் சொன்னார். ஒவ்வொரு காலையும் கட்டிலருகே வந்து, "அம்மே, முத்ரா கீயத?" என்பார். எவ்வளவு சிறுநீர் என்று சிங்களத்தில் கேள்வி. நாற்பது மில்லிலீட்டர் என்பேன். பரீட்சையில் குறைந்த புள்ளி எடுத்த பிள்ளையைப் பார்ப்பது போல் பார்ப்பார்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு சிறுமி வந்தாள்.

என் கட்டில் பதின்மூன்று. பதினான்காம் கட்டில் அப்போது காலியாக இருந்தது. மெத்தையில் விரிப்புக்கூட இல்லை. அதன் கால்மாட்டில், நனைந்த சட்டையோடு, நான்கு வயதிருக்கும், நின்றுகொண்டிருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் வழக்கப்படி கேட்டேன்: முழுப் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், தகப்பனார் பெயர். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. சாயங்காலம் பார்க்க வந்த கணவரிடம் சொன்னேன். அவர் வெளியே போய் வைத்தியரைக் கூட்டி வந்தார். இரத்தத்தில் யூரியா கூடினால் மூளை குழம்பும், இல்லாதது தெரியும் என்று வைத்தியர் விளக்கினார். நல்ல விளக்கம். ஏற்றுக்கொண்டேன். மறுநாளே கழுத்து நரம்பில் ஒரு குழாயைச் செருகி, டயலிசிஸ் இயந்திரத்தில் நான்கு மணி நேரம் போட்டார்கள். இரத்தத்தை வெளியே எடுத்து, கழுவி, திருப்பி உள்ளே விடுவதுதான் டயலிசிஸ். இரண்டாவது தடவைக்குப் பிறகு தலை தெளிந்தது. சிறுமி போய்விட்டாள். பசி வந்தது. போர்வையைக் கொண்டு வரச் சொன்னேன்.

கணவர் அதைத் துவைத்து, காயவைத்து, இஸ்திரிகூடப் போட்டுக் கொண்டு வந்தார். விசிறிகளெல்லாம் தட்டையாகியிருந்தன. கூடவே, பச்சை நூல் முடியப்போகிறது என்று தானே நினைத்துக்கொண்டு கடைக்குப் போய் ஒரு பெரிய உருண்டை வாங்கியிருந்தார். அது பச்சை இல்லை, கடும் செம்மஞ்சள். ரோட்டு வேலைக்காரர் போடும் சட்டையின் நிறம்.

"இது பச்சையோ, இஞ்சருங்கோ?"

"கடைக்காரன் நல்ல நிறம் எண்டவன்," என்றார். நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அவர் எனக்காகச் செய்த எத்தனையோ காரியங்களில், தட்டையான விசிறிகளையும் அந்த உருண்டையையும்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

பதினான்காம் கட்டிலுக்கு அன்றைக்குத்தான் ஆள் வந்தது. தெஹியோவிட்டப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிற பெண். ஐம்பதைத் தாண்டியிருப்பாள். அதே எலிக்காய்ச்சல்; அவளுக்கு மஞ்சள் காமாலையும் சேர்ந்திருந்தது. கால்மாட்டு அட்டையில் லெச்சுமி என்று எழுதியிருந்தது. மருந்து வண்டியோடு வந்த தாதி "லெச்சுமி" என்றார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "லெச்சுமி!" மூன்றாம் தடவைதான் திரும்பினாள். காது மந்தம் போலும் என்று நினைத்தேன். ஆனால் என் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தத்தை என்னைவிட முதலில் அவள்தான் கேட்பாள்.

இரண்டு நாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் நாள் பேசினாள்.

"கிளாக்கரம்மா, என்னையத் தெரியலீங்களா?"

"இல்லையே."

"கச்சேரியில கம்பி ஜன்னலுக்கு அந்தாண்ட ஒக்காந்திருப்பீங்க. கண்ணாடிக்கு மேலால பாப்பீங்க. இப்பவும் அப்புடித்தான் பாக்குறீங்க."

நான் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பிறப்பு, இறப்புப் பதிவுப் பகுதியில் இருந்தவள். அந்த ஜன்னலுக்கு எத்தனையோ பேர் வந்தார்கள். எல்லோரையும் நினைவில் வைத்திருக்க அரசாங்கம் சம்பளம் தரவில்லை என்று சொன்னேன். அவள் சிரித்தாள்.

"எனக்கு உங்க மொகம் மறக்கலீங்க. எம் பேரு தப்பா இருக்கு, மாத்தணும்னு வந்தேன். 'நீங்க சொன்னது எனக்குக் கேக்கேல்லை, போங்கோ'ன்னீங்க."

அப்போது நினைவு வந்தது. வெறும் நினைவாக அல்ல. நான் பலரிடம் பெருமையாகச் சொல்லி வந்த கதையாகவே வந்தது. அந்தப் பெண்ணுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள், லெச்சுமி. அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சிறுவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனாள். இறப்பை யாரும் பதியவில்லை. இறப்பர் மலையோரம் புதைத்துவிட்டார்கள். இளையவளின் பிறப்பைப் பதியவே இல்லை. அவளுக்குத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் வயது வந்தபோது, தகப்பன் பெட்டியிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். இரண்டு வயதும் கூடக் கிடைத்தது, வேலையும் சீக்கிரம் கிடைத்தது. தோட்டங்களில் இது புதுமையில்லை. ஒரு பிள்ளையின் காகிதத்தை அடுத்த பிள்ளைக்குச் சட்டையைக் கொடுப்பது போலக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றிலும் அவள் லெச்சுமி. இதை அவள் ஜன்னலில் நின்று உரக்கச் சொன்னாள். பொய்யான பத்திரத்தைப் பாவித்தது குற்றம். நான் கேட்டதாகக் காட்டிக்கொண்டால் அறிக்கை எழுத வேண்டும். எனவே கேட்கவில்லை என்றேன். அவளைக் காப்பாற்றியதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

"உங்கட சொந்தப் பேர் என்ன?" என்று கேட்டேன். அன்று ஜன்னலில் அதை நான் கேட்கவில்லை.

"பவளம்." சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தாள். "எங்கப்பா, ஆத்தா போனப்புறம் யாரும் கூப்புடல. எம் புருசனுக்கே தெரியாது. செத்துப்போனப்ப அக்காவுக்கு நாலு வயசுதானுங்க."

நான்கு வயது என்று அவள் சொன்னபோது எனக்குக் கழுத்துக் குழாய் குளிர்ந்தது. எனக்கு வரிசை முக்கியம்: எது முதலில் நடந்தது, எது பிறகு. நனைந்த சட்டைச் சிறுமியை நான் பார்த்தது இரண்டாம் நாள். அக்காவின் வயதைக் கேட்டது எட்டாம் நாள். ஜன்னலில் அவள் அன்று வயதையும் சொல்லியிருக்கலாம், அது என் தலைக்குள் எங்கோ கிடந்திருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அவளுடைய மகள் ரேவதி, அவிசாவளையில் ஒரு ஆடைத் தொழிற்சாலையில் வேலை. மத்தியானப் பார்வை நேரத்துக்கு ஓடி வருவாள். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருநீற்றை ஒரு தாளில் மடித்துக் கொண்டு வந்து தாயின் நெற்றியில் பூசிவிட்டு, எனக்கும் பூசுவாள். வேலைக்குப் போன நாளிலிருந்து வெள்ளிக்கு வெள்ளி தாயின் பேரில் அர்ச்சனை வைப்பவள். "பேரு லெச்சுமி, ராசி தெரியலைன்னா பூசாரி தாத்தா ஏசுவாரு," என்று சிரிப்பாள். தாயும் சிரிப்பாள். மகள் போன பிறகு திருநீற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இது எனக்கு வந்தது இல்லீங்க, கிளாக்கரம்மா."

"பின்னை ஆருக்கு?"

"லெச்சுமின்னு சொல்லித்தானே வைக்கிறா? அவளுக்குல்ல போவுது. நல்லதெல்லாம் அவளுக்கு. எனக்கு எங்கிட்டு வரும்?"

"ஆளை ஆரெண்டு கடவுளுக்குத் தெரியாதோ?"

"கச்சேரிக்கே தெரியலையே," என்றாள் பவளம்.

ஊசியை எடுத்துப் பின்னினேன். கொஞ்ச நேரம் விரல்களைப் பார்த்தவள், "தாங்க, நானும் பாக்குறேன்," என்று கையை நீட்டினாள். இறப்பர்ப் பட்டையில் மரத்தைக் காயப்படுத்தாமல் ஒரு மயிரிழை சீவி எடுக்கிற கை. அரை மணி நேரத்தில் நெட்டைக் கண்ணி பிடிபட்டுவிட்டது. நான் டயலிசிசுக்குப் போகும் நாட்களில் போர்வையை அவளிடம் விட்டுப் போவேன். அவள் போகும் நாட்களில் அது எனக்கு வரும். செம்மஞ்சள் நூலை அவள்தான் எடுத்தாள். யாரும் தொடாத நிறம் பாவம் என்றாள்.

நான்காவது தடவை இயந்திரத்திலிருந்து திரும்பியபோது போர்வை ஒடுங்கியிருந்தது. எண்ணினேன். தொண்ணூறு எழுபத்தெட்டாகியிருந்தது. பன்னிரண்டு வரிசையிலும் கடைசிச் சங்கிலியை விட்டிருந்தாள்.

"முடிவிலை நிக்கிற சங்கிலியும் ஒரு கண்ணிதான் எண்டு சொன்னனானெல்லே? எண்ணேக்கை அதை ஏன் விடுறீங்கள்?"

"அது திரும்புறதுக்குப் போட்டதுதானேங்க. அதையும் கணக்குல சேக்கணுமா?" கொஞ்சம் யோசித்தாள். "வீட்டுலயும் அப்புடித்தான். சோத்துக்குத் தட்டு எண்ணுறப்ப என்னைய விட்டுட்டுத்தான் எண்ணுவேன். மக ஏசுவா."

அவிழ்த்துத் திருப்பிப் பின்னலாம் என்றேன். வேண்டாம் என்றாள். அப்புறம் கையிலிருந்த ஊசியை மடியில் வைத்துவிட்டு, என்னுடைய கண்ணைப் பார்த்துக் கேட்டாள்:

"மககிட்டச் சொல்லிரட்டுங்களா? எம் பேரச் சொன்னா, வர்ற வெள்ளிக்கி அந்தப் பேருல வைப்பா. ஒருக்கா வச்சாப் போதும். ஆனா அவ காயிதமெல்லாம் கெட்டுப்போயிருமோன்னு பயமாருக்கு. அவளுக்குக் கலியாணம் எழுதணும். நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவங்க. சொல்லலாமா?"

இதை நான் பல தடவை திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்திருக்கிறேன். விடை மிகவும் எளிது. ஒரு தாய் மகளிடம் தன் பெயரைச் சொல்வதற்குப் படிவம் கிடையாது. சாட்சி வேண்டாம், முத்திரை வேண்டாம். காதில் சொன்ன சொல்லால் எந்தப் பத்திரமும் கெடாது. இதெல்லாம் எனக்கு அந்தக் கணத்திலேயே தெரியும். ஆனால் சொல்லலாம் என்றால், அன்றைக்கு ஜன்னலில் நான் சொன்னது பிழையாகிவிடும். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தேன்.

"சொல்லாதேங்கோ. கிடக்கிறபடி கிடக்கட்டும். எல்லாம் ஒழுங்காய்த்தானே இருக்கு."

"சரிங்க," என்றாள். அவ்வளவுதான். ஊசியை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரேவதி திருநீறு கொண்டு வந்தாள். தாய் நெற்றியை நீட்டினாள். ஒரு தடவை மட்டும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணி எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலையில் அவளுக்கு இருமல் தொடங்கியது. எலிக்காய்ச்சலில் சிலருக்குச் சிறுநீரகம் தேறி வரும் நேரத்தில் நுரையீரல் கெடும். காற்று நிற்க வேண்டிய இடத்தில் நீரும் இரத்தமும் நிற்கும். படம் எடுத்தார்கள். மூக்கில் ஒட்சிசன் போட்டார்கள். மத்தியானம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்தது. முகமூடியை விலக்கிக்கொண்டு, "அந்த வரிய அவுத்துராதீங்க," என்றாள். பிறகு கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. "ஒதுங்கு," என்றாள், சிறு பிள்ளையிடம் சொல்வது போல. "கட்டிலு போகணும்."

புதன்கிழமை இறந்துவிட்டாள்.

ரேவதி பதினான்காம் கட்டிலில் இருந்த பொருட்களை எடுக்க வந்தாள்: ஒரு சீப்பு, ஒரு துவாய், சுடுதண்ணீர்ப் போத்தல். கையில் இறப்புப் பதிவுத் தாள்கள். கண் வீங்கியிருந்தது.

"கிளாக்கரம்மா, இது சரியான்னு பாத்துக் குடுங்க. அம்மா சொல்லுச்சு, நீங்க எல்லாம் தெரிஞ்சவங்கன்னு. பேருல ஒரு எழுத்துப் பிழைன்னாலும் திருப்பி அனுப்புவாங்களாம்."

அது உண்மை. நானே எத்தனையோ பேரைத் திருப்பியனுப்பியிருக்கிறேன். இறந்தவரின் முழுப் பெயர் என்ற இடத்தில் லெச்சுமி என்றிருந்தது. அடையாள அட்டையோடு ஒப்பிட்டேன். பிறந்த திகதியை ஒப்பிட்டேன். ஒரு பிழையும் இல்லை. "சரியாய் இருக்கு," என்று திருப்பிக் கொடுத்தேன்.

அவள் தாள்களை மடித்தாள். போகவில்லை.

"ஒரு வெள்ளி விடல கிளாக்கரம்மா. மழையில நனைஞ்சுகிட்டுப் போய்க்கூட வச்சேன். ஏன் கேக்கல?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் ஏதேதோ ஆறுதல் சொன்னார்கள். நான் நூலுருண்டையைச் சுற்றினேன்.

எனக்கு அடுத்த வாரமே சிறுநீர் பெருகத் தொடங்கியது. இரண்டு லீட்டர் என்று சொன்னபோது தாதி கை தட்டினார். கழுத்துக் குழாயைப் பிடுங்கினார்கள். கணவர் வாடகைக் காரில் முன் ஆசனத்தில் இருந்துகொண்டு, குலுங்கும்போதெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கூட்டிப் போனார். வீட்டில் உப்பில்லாக் கஞ்சியைத் தானும் என்னோடு குடித்தார். ஏன் என்று கேட்டால், தனக்கும் பிரஷர் என்றார். இரத்தம் சுத்தம், யூரியா சாதாரணம் என்று கிளினிக் அட்டையில் எழுதித் தந்தார்கள். மூளை குழம்பக் காரணம் எதுவும் இல்லை.

சிறுமி அதற்குப் பிறகு வரவில்லை. வர வேண்டிய தேவை இல்லை. அவளுடைய இறப்பு முறைப்படி பதிவாகிவிட்டது, நானே சரிபார்த்தேன். வந்தது மற்றவள். வீட்டு முன்னறையில் நான் இருந்து பின்னும் இடத்துக்கு நேரே கம்பி ஜன்னல். பட்டப்பகலில், கணவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். வரிசையில் தன் முறை வரட்டும் என்று நிற்பவர்களைப் போலப் பொறுமையாக நிற்பாள். பதிவேடுகளின்படி அவள் பிறக்கவில்லை. பிறக்காதவர் இறக்க முடியாது. எந்த அலுவலகமும் அவளைப் போகச் சொல்ல முடியாது.

எழுபத்தெட்டில் நின்ற போர்வையை, வரிசைக்கு இரண்டு கண்ணி கூட்டி, மெல்ல மெல்லத் தொண்ணூறுக்குக் கொண்டு வந்தேன். செம்மஞ்சள் வரிகளை அவிழ்க்கவில்லை. முடித்து விரித்தபோது அதற்கு ஒரு இடுப்பு இருந்தது. கணவர் அதைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் சொல்லாமல் விட்ட நல்ல வார்த்தைகளில் அது ஒன்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் எடுத்து, அந்தத் தோட்டத்துக்குப் போனேன். கணவர் கூட வருகிறேன் என்றார். சந்தியில் தேநீர்க் கடையில் இருக்கச் சொன்னேன். ரேவதி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் வாசலில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். போர்வையை மடியில் விரித்துப் பார்த்தாள்.

"எம்புட்டு வரி! ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரியா இருக்கே." விரல் செம்மஞ்சளில் நின்றது. "இது ஏன் நடுவுல ஒடுங்கிக் கெடக்கு?"

"அது உங்கட அம்மா பின்னினது. கடைசிக் கண்ணியை எண்ணாமல் விட்டுட்டா."

"தட்டு எண்ணுறப்பவும் அப்புடித்தான்," என்று சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள்.

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும், நடந்த வரிசைப்படி. ஜன்னலைச் சொன்னேன். காகிதத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் தாய் என்னிடம் கேட்ட கேள்வியையும், நான் சொன்ன பதிலையும், ஒரு சொல் விடாமல் சொன்னேன். பெயரைக் கடைசியில் சொன்னேன்.

ரேவதி போர்வையை நாலாக மடித்து மடியில் வைத்தாள்.

"அப்ப நான் இத்தன வெள்ளி யாருக்கு வச்சேன்?"

"உங்கட பெரியம்மாவுக்கு. நாலு வயசுப் பிள்ளை."

"அம்மா கேட்டுச்சு. நீங்க வேணாம்னீங்க."

"ஓம்."

"போங்க கிளாக்கரம்மா," என்றாள். சத்தம் போடவில்லை. "பஸ்ஸு போயிரும்."

எழுந்து படியிறங்கினேன். லயத்தின் கடைசி வீட்டைத் தாண்டும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. யாரையும் அழைக்கவில்லை; சொல்லைப் பழகிப் பார்க்கிறாள். "பவளம்." பிறகு கொஞ்சம் உரத்து, "பவளம்." நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜன்னலுக்கு அப்பால் அவள் இப்போதும் வருகிறாள். மகளிடம் சொல்லிவிட்டால் வர மாட்டாள் என்று எண்ணியிருந்தேன்; அந்தக் கணக்கும் பிழை. கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். ஊசியை மடியில் வைத்துவிட்டு, கணவருக்குக் கேட்காதபடி, பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

முதல் தடவையிலேயே திரும்புகிறாள்.